வீட்டுக்கு மேலால போற பிளேன்

சென்னையில இருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்னு ஃபோன்ல தட்டிப் பாருங்க, அரை நொடியில பதில் வந்துடும். நேர்கோட்டுல சுமார் 355 கிலோமீட்டர். கீழயே பறக்குற நேரம்னு இன்னொரு நம்பரும் இருக்கும், ஒரு சைட்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, இன்னொண்ணுல ஒரு மணி நேரம் சொச்சம். இந்த தூரக்கணக்கு சைட்டுங்க பெரும்பாலும் பண்றது ஒரே வேலைதான், ரெண்டு ஊரோட அட்சரேகை தீர்க்கரேகைய எடுத்து, உருண்டையான பூமி மேல ஒரு நேர்கோடு போட்டு, ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும்னு வெச்சு வகுத்து, ஏற இறங்கன்னு ஒரு அரை மணி நேரத்த மேல தூவி கொடுத்துடுவாங்க. அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நிஜமா விமானம் ஓடுதா, ஓடினா ஜெட்டா இல்ல இறக்கையில ஃபேன் வெச்சதா, அங்க ரன்வே எவ்வளவு நீளம், விசா கிடைக்குமா, இதெல்லாம் அதுக்குத் தேவையில்லாத விஷயம். எந்த வருஷம் போறீங்கன்னும் கேக்காது. எனக்கு எரிச்சலே அந்த கடைசி விஷயத்துலதான். 2005-ல கேட்டிருந்தாலும் 355-தான் சொல்லியிருக்கும், 2021-ல கேட்டிருந்தாலும் அதேதான்.

முதல்ல அந்த 355-ஐக் கொஞ்சம் சரியா உணரணும். மேப்ல மதுரையப் பாருங்க, அப்படியே கிழக்கால கோடு இழுத்துட்டுப் போனீங்கன்னா யாழ்ப்பாணத்தோட பலாலி விமான நிலையம் பக்கத்துல போய் முட்டும், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 9.8 டிகிரி. ஆனா மதுரை மேற்குல தள்ளி இருக்கு, யாழ்ப்பாணம் சென்னைக்கு நேர் தெற்கு, தீர்க்கரேகையில 0.1 டிகிரிதான் வித்தியாசம். அதனால காக்கா பறக்குற கணக்குல மீனம்பாக்கத்துல இருந்து மதுரை 415 கிலோமீட்டருக்கு மேல வருது, யாழ்ப்பாணம் 355. மதுரைய விட யாழ்ப்பாணம் 60 கிலோமீட்டர் கிட்ட! இத நான் ஆபீஸ்ல சொன்னப்ப யாரும் நம்பல, ஒருத்தர் மேப்ப திறந்து பாத்துட்டு "இது என்னங்க இது"ன்னு சிரிச்சார். மதுரைக்கு எக்மோர்ல ராத்திரி பாண்டியன் ஏறினா காலைல போய் காபி குடிக்கலாம், அதை தூரம்னே நாம நெனைக்கிறதில்ல. யாழ்ப்பாணம்னு சொன்னா மட்டும் குரலே மாறிடுது, ஏதோ ஐரோப்பா பக்கம் மாதிரி.

இந்த விஷயம் எனக்குள்ள புகுந்ததுக்கு காரணம் எங்க மாடி வீட்டு ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துல மாவிட்டபுரம் பக்கம் சொந்த ஊர், எண்பதுகள்ல இங்க வந்தவங்க, வளசரவாக்கத்துலயே இருந்துட்டாங்க. அங்க சொந்தக்காரங்க இன்னும் இருக்காங்க, கல்யாணம், காரியம், கோயில் திருவிழான்னு வழி திறந்திருக்கிற காலங்கள்ல எல்லாம் போய் வந்துட்டு இருந்தாங்க. ரொம்ப வருஷமா அவங்க போற வழி ஒண்ணே ஒண்ணுதான், சென்னையில இருந்து கொழும்புக்கு விமானம், கட்டுநாயக்காவுல இறங்கி, யாராவது சொந்தக்காரங்க வீட்டுல இல்லன்னா வெள்ளவத்தையில ஒரு லாட்ஜுல தங்கி, அடுத்த நாள் ராத்திரி பஸ் பிடிச்சு விடிய விடிய யாழ்ப்பாணம். டிக்கெட் போட்டுக் கொடுக்கிறது நான்தான், அதனால ஒவ்வொரு தடவையும் அந்த வழியில எனக்கும் ஒரு பங்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்துல அவங்க பிடிவாதம் பிடிப்பாங்க, ஜன்னல் சீட் வேணும். அதுக்கு எக்ஸ்ட்ரா காசு கேப்பாங்க ஆன்ட்டின்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க, மத்த எல்லாத்துலயும் நாலணா பாத்து செலவு பண்ற ஆளு.

ஒரு தடவை ஏன்னு கேட்டேன். "எங்கட வீட்டுக்கு மேலால தான் தம்பி பிளேன் போறது. இறக்கி விட மாட்டாங்கள், அவ்வளவுதான்." ரொம்ப சாதாரணமா சொல்லிட்டு கீரை ஆயப் போயிட்டாங்க.

அடிமட்டம் (ஸ்கேல்) வெச்சுப் பாத்த கதை

அந்த வாக்கியம் என்னை விடவே இல்ல. ஒரு வயசான மனுஷி ஊர் ஞாபகத்துல சொல்றது, அதுல போய் கணக்கு பாக்கக் கூடாதுன்னு விட்டுடலாம், ஆனா மேப் பைத்தியம் பிடிச்சவனுக்கு அப்படி விட வராது. ராத்திரி லேப்டாப்ப திறந்து, மீனம்பாக்கத்துக்கும் கட்டுநாயக்காவுக்கும் நடுவுல கோடு போட்டேன். கோடு கிளம்பி கல்பாக்கம் பக்கத்துல கடலுக்குள்ள இறங்குது. பாண்டிச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் வலது கைப்பக்கம் கரையிலேயே நிக்குது, கோடு தண்ணி மேலயே தெற்க போகுது, கோடியக்கரையத் தாண்டுது, பாக் நீரிணையத் தாண்டுது, அதுக்கப்புறம் முதல்முதலா நிலத்தைத் தொடுற இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. பக்கத்துல கிக்கத்துலன்னு இல்ல, காங்கேசன்துறைக்கும் யாழ் டவுனுக்கும் மேலயே ஏறிப் போகுது. அங்க இருந்து இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கால போய் கட்டுநாயக்கா.

நிஜ விமானம் கோட்டு மேலயே போகாது, அதுக்குன்னு வான்வழி இருக்கு, ஒரு நாளைக்கு கொஞ்சம் மேற்கால ஒதுங்கும், ஒரு நாளைக்கு மேகத்தைச் சுத்திப் போகும், அதெல்லாம் தெரியும். ஆனா ஆன்ட்டி சொன்னது கவித்துவம் கிடையாது, புவியியல். சென்னை–கொழும்பு மொத்தம் சுமார் 645 கிலோமீட்டர், அதுல 355-வது கிலோமீட்டர்ல அவங்க வீடு. அதுக்கு மேல பறந்து, இன்னும் 290 கிலோமீட்டர் போய் இறங்கி, அப்புறம் அந்த 290-ஐத் திரும்பி வடக்க வரணும், ஆனா இப்ப தரை வழியா, அது ரோட்டுல கொழும்புல இருந்து கிட்டத்தட்ட 400 ஆயிடுது. புத்தளம், அநுராதபுரம், வவுனியா, அப்புறம் ஏ9 பிடிச்சு கிளிநொச்சி, ஆனையிறவு. ரோடு நல்லா இருக்கிற இந்தக் காலத்துலயே ஏழு எட்டு மணி நேரம். விமானம் அவங்க வீட்டைத் தாண்டின நிமிஷத்துல இருந்து அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிற வரைக்கும் நடுவுல ஒரு நாள் முழுசா போயிருக்கு.

அடுத்த நாள் காலைல போய் சொன்னேன், ஆன்ட்டி, நீங்க சொன்னது நிஜம், கோடு போட்டுப் பாத்தேன்னு. அவங்களுக்கு அது ஒரு செய்தியாவே தெரியல. "உதைத்தானே நான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு இருக்கிறன். அடிமட்டம் வைச்சே கண்டுபிடிச்சனீர்?" அப்புறம்தான் விஷயத்தை விவரமா சொன்னாங்க. பகல் விமானம்னா, வானம் தெளிவா இருந்தா, கடல் முடிஞ்சு கரை வர்ற இடம் தெரியுமாம். தீவுகள் தனித்தனியா சிதறிக் கிடக்கும், நடுவுல கடல்நீரேரி வேற நிறத்துல இருக்கும், அதை வெச்சு இது வலிகாமம், இது தென்மராட்சின்னு பிரிச்சுக்குவாங்களாம். வீடு தெரியாது, கோயில் கோபுரம் தெரியாது. "தெரியாட்டி என்ன, அங்கதானே இருக்கு." ரெண்டு மூணு நிமிஷத்துல போயிடுமாம், அதுக்குள்ள ஏர்ஹோஸ்டஸ் வந்து டிரே எடுக்கவான்னு நிப்பாங்களாம், அது ஒண்ணுதான் அவங்களுக்குக் கோவம்.

இதைக் கேட்டதுக்கு அப்புறம் எனக்கு தூரம்ங்கற நம்பர் மேல இருந்த நம்பிக்கை சுத்தமா போச்சு. அந்த ஊருக்கு மேல மனுஷங்க போய்க்கிட்டே இருந்திருக்காங்க. நேரக் கணக்குல சொன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள அங்க "இருந்திருக்காங்க", என்ன, முப்பதாயிரம் அடி உயரத்துல. அதைப் பயண தூரம்னு எந்தக் கணக்குல சேக்கிறது?

டகோட்டா நின்ன இடம்

இதுல இன்னும் கடுப்பேத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கோட்டு மேல யாழ்ப்பாணம் இருக்குன்னு கண்டுபிடிக்க நான் லேப்டாப்ப திறந்திருக்கவே வேண்டாம், 1947-லயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏர் சிலோன்னு இலங்கையோட முதல் விமான கம்பெனி, அவங்களோட முதல் விமானம் 1947 டிசம்பர் 10-ஆம் தேதி கொழும்பு பக்கத்துல இருக்கிற ரத்மலானையில இருந்து மெட்ராசுக்குக் கிளம்புச்சு. நாடு சுதந்திரம் வாங்க இன்னும் ரெண்டு மாசம் பாக்கி. அந்த விமானம் நேரா மெட்ராஸ் வரல, நடுவுல காங்கேசன்துறையில இறங்கி வந்துச்சு, அதாவது ரெண்டாம் உலகப் போர் காலத்துல பிரிட்டிஷ்காரன் போட்ட பலாலி ரன்வேயில. டிசி-3 டகோட்டா விமானங்கள், மூணு வெச்சிருந்தாங்க, அதுல ஒண்ணுக்கு சீதா தேவின்னு பேரு. இலங்கையில இருந்து இந்தியாவுக்குப் பறக்கிற விமானத்துக்கு சீதான்னு பேர் வெச்ச அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா கை கொடுக்கணும்.

வழியில இருக்கிற ஊரு, அதனால நின்னு ஆள் ஏத்திட்டுப் போனாங்க, அவ்வளவு சிம்பிள். டகோட்டா மணிக்கு 300 கிலோமீட்டர் கூட ஒழுங்கா போகாத பழைய பிஸ்டன் இஞ்சின் வண்டி, அப்படி வெச்சாலும் மெட்ராசுல இருந்து பலாலி ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள அடங்கிடும். இப்ப யோசிங்க. அதுக்கப்புறம் ஜெட் வந்துச்சு, அது மணிக்கு 800-ஐத் தாண்டிப் போகுது, கேபின்ல ஏசி, பைலட்டுக்கு ஜிபிஎஸ், எல்லாம் வந்துச்சு. ஆனா ஆன்ட்டி யாழ்ப்பாணம் போக ரெண்டு நாள். உலகம் சுருங்கிப் போச்சு, தொழில்நுட்பம் தூரத்தைக் கொன்னுடுச்சுன்னு பேசுறவங்களுக்கு நான் இப்பல்லாம் இந்த ஒரு ரூட்டைத்தான் காட்டுறேன். இங்க விமானம் வேகமாக வேகமாக பயணம் நீண்டுக்கிட்டே போயிருக்கு.

அதுக்கு முன்னாடி ஒரு காலம் இருந்துச்சு, போட் மெயில். 1914-ல பாம்பன் பாலம் திறந்த பிறகு எக்மோர்ல ஏறினா தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்க இருந்து நீராவிக் கப்பல்ல 30 சொச்சம் கிலோமீட்டர் கடல் தாண்டி தலைமன்னார், மறுபடி ரயில். கொழும்புக்குன்னே போட்ட வழி. யாழ்ப்பாணத்துக்காரங்களும் அதுலதான் போவாங்க, ஆனா பாருங்க, தலைமன்னார்ல இருந்து ரயில் தென்கிழக்கா மதவாச்சி வரைக்கும் போகும், அங்க இறங்கி வடக்குப் பாதை ரயிலுக்கு மாறி, வவுனியா, கிளிநொச்சின்னு திரும்ப மேல வரணும். அப்பவும் கீழ போய்த்தான் மேல வந்திருக்காங்க! 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிச்சு, எண்பதுகள்ல அதுவும் நின்னுச்சு. பலாலியில இருந்து இந்தியாவுக்கு இருந்த விமானம் அதுக்கு முன்னாடியே, எழுபதுகளோட கடைசியிலயே நின்னு போயிருந்துச்சு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல. பலாலி ராணுவத் தளம் ஆயிடுச்சு, சுத்தி இருந்த வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயம், அங்க இருந்த சனமெல்லாம் 1990-ல எழும்பி ஓடினது.

ஆன்ட்டி 2002-க்கு அப்புறம், சமாதான காலத்துல, ஏ9 ரோடு திறந்தப்போ போன கதைய சொல்லும்போது கடிகாரம் பத்தி ஒண்ணு சொன்னாங்க, எனக்கு அது இப்பவும் ஆச்சரியம். 1996-ல கரண்டை மிச்சம் பிடிக்கிறோம்னு இலங்கை அரசாங்கம் கடிகாரத்தை முன்னால தள்ளி வெச்சாங்க, அது கடைசியில இந்திய நேரத்தை விட அரை மணி நேரம் முன்னால நின்னு, 2006 வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அதனால டிக்கெட்ல பாத்தா சென்னை–கொழும்பு போறப்போ கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மாதிரி தெரியும், வர்றப்போ ஒரு மணி நேரம் கூட ஆகாத மாதிரி தெரியும், பறக்கிறது என்னவோ ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆனா புலிகள் இந்த மாத்தத்தை ஏத்துக்கவே இல்ல, அவங்க கையில இருந்த வன்னியில பழைய நேரமே, அதாவது நம்ம நேரமே. அப்போ ஆன்ட்டி கொழும்புல இறங்கி கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளணும், பஸ் ஓமந்தை தாண்டினதும் பின்னால இழுக்கணும், முகமாலை தாண்டி அரசாங்கப் பகுதிக்குள்ள நுழைஞ்சதும் திரும்ப முன்னால. நேரா தெற்க இருக்கிற ஊருக்குப் போறதுக்கு மூணு தடவை முள்ளைத் திருப்பணும். "நான் மாத்தவே இல்லை தம்பி, பொழுது சாயிறதைப் பாத்தா தெரியாதே"ன்னாங்க. பயண நேரம்னு ஒரு கட்டத்துல ஒரே ஒரு நம்பரைப் போடுற சைட்டுக்காரங்களை இந்த பஸ்ல ஒரு தடவை ஏத்தி விடணும்.

ஒண்டேகால் மணித்தியாலம்

2019 அக்டோபர் 17-ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு புதுப் பேரோட திறந்தாங்க, அடுத்த மாசமே அலையன்ஸ் ஏர் சென்னையில இருந்து ஓட ஆரம்பிச்சுச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு. நாலஞ்சு மாசம்தான், 2020 மார்ச்ல கொரோனா வந்து எல்லாம் நின்னுச்சு. மத்த ஊர் விமானமெல்லாம் திரும்ப பறக்க ஆரம்பிச்ச பிறகும் இது மட்டும் வரல, 2022 டிசம்பர் 12 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. நடுவுல அந்த ரெண்டே முக்கால் வருஷமும் யாழ்ப்பாணம் திரும்பவும் பழைய தூரத்துக்கே போயிடுச்சு, மேப்ல மட்டும் 355. இப்ப 2024 செப்டம்பர்ல இருந்து இண்டிகோவும் ஓட்டுது.

விமானம் திரும்ப வந்த பிறகு ஆன்ட்டி போனப்போ நானும் கூடப் போனேன். ஏடிஆர் 72, இறக்கையில ரெண்டு பக்கமும் ஃபேன் சுத்துற வண்டி, எழுபது பேர் சொச்சம் உக்காரலாம். நம்ம ஆளுங்க சில பேருக்கு இந்த ஃபேன் விமானத்தைப் பாத்தாலே ஒரு இளக்காரம், "பஸ் மாதிரி இருக்கே"ம்பாங்க. ஆனா இந்த தூரத்துக்கு இதுதான் சரியான வண்டி. ஒண்ணு, பலாலியில இருக்கிற ரன்வேக்கு இதுதான் தோதா இறங்கும். ரெண்டு, 355 கிலோமீட்டர்ல ஜெட்டால வேகத்தைக் காட்டவே முடியாது, அது மேல ஏறி சமனா பறக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள இறங்க வேண்டிய நேரம் வந்துடும். ஏடிஆர் மணிக்கு 500 கிலோமீட்டர்தான், ஆனாலும் மொத்தக் கணக்குல ஜெட்டை விட பத்து பதினஞ்சு நிமிஷம்தான் பின்னால இருக்கும், எண்ணெய் ரொம்பவே கம்மி. இதுல இன்னொரு சௌகரியம், இறக்கை தலைக்கு மேல இருக்கும், எந்த ஜன்னல்ல உக்காந்தாலும் கீழ மறைக்காது, உயரமும் ஜெட் அளவுக்குப் போகாது. ஆன்ட்டிக்கு இது தெரிஞ்சிருந்தா அந்த எக்ஸ்ட்ரா காசு சீட்டைக் கேட்டிருக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன், இல்ல, கேட்டிருப்பாங்க.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. அது பறக்கிற நேரம் கிடையாது. இங்க சக்கரத்துக்கு அடியில வெச்ச கட்டையை எடுக்கிறதுல இருந்து அங்க திரும்பக் கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். சென்னையில டாக்ஸிவேயில வரிசையில நிக்கிறது, டெல்லி விமானம் இறங்கட்டும்னு காத்துக்கிடக்கிறது எல்லாம் அதுலயே அடக்கம், அதுக்கு மேல கம்பெனிக்காரங்க கொஞ்சம் சேர்த்தும் போட்டு வெப்பாங்க, அப்பத்தான் லேட்டா கிளம்பினாலும் "சரியான நேரத்துல வந்து சேர்ந்தோம்"னு மார்தட்டிக்கலாம். லண்டன், டொராண்டோ மாதிரி தூர ஊருங்கள்னா இன்னொரு கூத்து இருக்கும், மேல மேற்குல இருந்து கிழக்கால வீசுற காத்து, போறப்போ முட்டும், வர்றப்போ தள்ளும், ரெண்டு வழிக்கும் ஒரு மணி நேரம் வரைக்கும் கூட வித்தியாசம் வரும். சென்னை–யாழ்ப்பாணம் வடக்கு–தெற்கு, தூரமும் கம்மி, காத்து பெருசா ஒண்ணும் பண்றதில்ல. இங்க நேரத்தைத் தின்னுறது தரையிலதான். வெளிநாட்டு விமானம்னு மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றாங்க, இமிக்ரேஷன் வரிசை, அந்தப் பக்கம் இன்னொரு இமிக்ரேஷன் வரிசை. காக்கா கணக்குல மதுரையை விடக் கிட்ட இருக்கிற ஊருக்கு பாஸ்போர்ட் ரெண்டு தடவை குத்து வாங்குது. இவ்வளவும் சேர்த்தாலும் காலைல வளசரவாக்கத்துல இட்லி சாப்பிட்டவங்க மதியம் மாவிட்டபுரத்துல சோறு சாப்பிட்டோம்.

ஆன்ட்டி அழுவாங்கன்னு நான் கொஞ்சம் பயந்துட்டுதான் போனேன். அழல. கரை தெரிய ஆரம்பிச்சதும் வழக்கம் போல ஜன்னல்ல முகத்தை வெச்சு இது கீரிமலைப் பக்கமா இருக்கும்னு ஏதோ சொல்லிட்டு இருந்தவங்க, விமானம் தாழத் தொடங்கினதும் என்னைத் திரும்பிப் பாத்து "என்ன தம்பி, இறக்கிறாங்கள்?"னு கேட்டாங்க. அவ்வளவு வருஷமா அந்தக் கரையைப் பாத்தவங்களுக்கு அதுக்கு மேல விமானம் நிக்காமப் போறதுதான் பழக்கம், தாழ்றது ஏதோ கோளாறுன்னே ஒரு நொடி நெனைச்சிருக்காங்க. ஊர் வந்திடுச்சு ஆன்ட்டின்னு சொன்னேன். ஹேண்ட்பேக்கைத் திறந்து சீப்பை எடுத்து தலை சீவ ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி டொராண்டோவுல இருக்கிற அண்ணன் மகனுக்கு ஃபோன் போட்டு ஒரே பெருமை. "ஒண்டேகால் மணித்தியாலம்தான். சாப்பிட ஏதோ தந்தவங்கள், அதைச் சாப்பிட்டு முடிக்க முதல் காங்கேசன்துறை வந்திட்டுது." அவர் நம்பினாரான்னு தெரியல, ஆனா அவர் போறது இன்னும் கொழும்பு வழியாத்தான், டொராண்டோவுல இருந்து துபாயோ தோஹாவோ மாறி கட்டுநாயக்கா, அங்க இருந்து வேன் பிடிச்சு ராத்திரி முழுக்க ரோடு. சென்னை வழியா வந்தா அந்த வேன் பயணம் மிச்சம்தான், ஆனா பெட்டி மாத்தணும், இந்தியாவுக்குள்ள வந்து போகணும்னா விசா வேணும், குழந்தை குட்டியோட யாரு அந்தத் தலைவலி பாக்கிறதுன்னு விட்டுடுறாங்க. அதனால ஒரே குடும்பத்துல அத்தைக்கு ஒண்ணேகால் மணி நேரத்துல இருக்கிற ஊரு, மருமகனுக்கு விமானத்தை விட்டு இறங்கின பிறகே எட்டு மணி நேரம். இதுல வேடிக்கை, டொராண்டோ மருமகன் "அங்க போறதுன்னா தூரம் மாமி"ன்னு சொல்றப்போ அவர் சொல்ற தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர் விமானம் இல்ல, அந்த ராத்திரி வேன்தான்.

என்னோட சந்தோஷத்துக்கும் ஒரு அளவு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ரெண்டு கம்பெனி, சின்ன விமானம், இதுதான் மொத்தப் பாலம். கொரோனா மாதிரி இன்னொண்ணு வந்தாலோ, டாலர் விலை ஏறினாலோ, ஏதோ ஒரு கையெழுத்து எங்கயோ நின்னாலோ, நாளைக்கே திரும்ப ரெண்டு நாள் ஆயிடும். இந்த ரூட்டோட கதையப் பாத்தா நேரம் குறைஞ்ச காலம் சின்னதாவும் நீண்ட காலம் பெருசாவும்தான் இருந்திருக்கு. 2025 மார்ச் கடைசியில திருச்சியில இருந்தும் யாழ்ப்பாணத்துக்கு விமானம் விட ஆரம்பிச்சாங்க, அது நேர்கோட்டுல 185 கிலோமீட்டர் கூட இல்ல, பறக்கிறது சுமார் ஒரு மணி நேரம். திருச்சியில இருந்து சென்னைக்கு அதைவிட நூறு கிலோமீட்டர் கூட. தஞ்சாவூர் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவங்க இதை இன்னும் சரியா உணர்ந்த மாதிரி தெரியல, எங்க சித்தப்பா கும்பகோணம், அவருக்குச் சொன்னா "அதெல்லாம் ஃபாரின்டா"ங்கிறார்.

இப்ப ஆன்ட்டிக்குப் புதுசா கப்பல் ஆசை வந்திருக்கு. நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல விட்டாங்க, வடகிழக்கு மழை வருதுன்னு ஒரு வாரத்துலயே நிறுத்துனாங்க, அப்புறம் 2024 ஆகஸ்ட்ல சிவகங்கைன்னு வேற கப்பலோட திரும்ப ஆரம்பிச்சாங்க. சுமார் 110 கிலோமீட்டர் கடல், நாலு மணி நேரம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன், இங்க இருந்து நாகப்பட்டினம் போகவே ஆறேழு மணி நேரம், முதல் நாளே போய் லாட்ஜ் போட்டுத் தங்கணும், அப்ப மொத்தத்துல ஒண்ணரை நாள், திரும்பவும் நாம பழைய கொழும்பு கணக்குக்கே வந்துடுவோம், எதுக்கு ஆன்ட்டின்னு. கப்பல் இறங்கிற இடத்துல இருந்து வீடு கிட்டவாம், காங்கேசன்துறையில இருந்து மாவிட்டபுரம் நடந்தே போயிடலாமாம், பலாலியில இருந்துன்னா ஆட்டோக்காரன் கூடக் கேக்கிறானாம். முழங்கால் வலின்னு மாடிப்படியே மெதுவா இறங்குறவங்க சொல்றது இது. மழை சீசன் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன், டிக்கெட் இன்னும் போடல.